பவர் வீடர் ஸ்டார்ட் ஆகுது, சோக்கைத் திறந்ததும் நின்னுபோகுது. கார்புரேட்டர் மாத்தணுமா?

வாழைவிளை_திருவட்டாறு

வணக்கம். ஏத்தன் வாழைக்கு இடையில களை ஓட்டுற 7 எச்பி பெட்ரோல் பவர் வீடர். 212 சிசி, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. மழைக்காலம் முழுக்க பாதி டேங்க் பெட்ரோலோட ஷெட்ல கிடந்தது. இப்போ சோக் போட்டு இழுத்தா உடனே ஸ்டார்ட் ஆகுது. சோக்கைத் திறந்தா அரை நிமிஷத்துல நின்னுடுது. பாதி சோக்குல வச்சா ஓடுது, ஆனா சத்தம் ஏறி ஏறி இறங்குது. பிளேடை மண்ணுல இறக்கினதும் ஆஃப்.

பிளக் புதுசு போட்டாச்சு, ஏர் ஃபில்டர் கழுவியாச்சு. கடையில கார்புரேட்டரையே மாத்தச் சொல்றாங்க. மாத்தணுமா? உரம் வைக்கிறதுக்கு முன்னால களை எடுத்தாகணும், அதுவரை பாதி சோக்குலயே ஓட்டலாமா?

எஞ்சின்_மார்த்தாண்டம்

பாதி சோக்குல ஓட்டாதீங்க அண்ணாச்சி. பிளக் கரி பிடிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்க வச்சிடும்.

சோக் போட்டா ஓடுது, திறந்தா நிக்குதுன்னா எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோல் போகலைன்னு அர்த்தம். சோக் காத்தை அடைக்குது, உறிஞ்சல் கூடுது, அடைபட்ட ஜெட்டு (கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற சின்ன ஓட்டை உள்ள திருகு) வழியாவும் கொஞ்சம் பெட்ரோல் இழுபட்டு வருது. சத்தம் ஏறி இறங்குறதுக்கும் இதுதான் காரணம்: பெட்ரோல் பத்தாம வேகம் குறையும், கவர்னர் (வேகத்தை ஒரே அளவுல நிறுத்துற அமைப்பு) த்ராட்டிலைத் திறக்கும், வேகம் கூடினதும் மூடும், திரும்பவும் குறையும். இதைப் பார்த்துட்டு கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து வளைக்கிறவங்க நிறைய பேர். அதுல கையே வைக்காதீங்க.

கார்புரேட்டரைத் தொடுறதுக்கு முன்னால டேங்க் மூடியைப் பாருங்க. அதுல காத்து போற சின்ன ஓட்டை அடைஞ்சா டேங்குக்குள்ள வெற்றிடம் ஆகி பெட்ரோல் இறங்காது. மூடியைத் தளர்த்தி வச்சு ஓட்டிப் பாருங்க. அப்பவும் நின்னா காக்கை (டேங்குக்கு அடியில பெட்ரோலைத் திறந்து மூடுற குழாய்) மூடி, கார்புரேட்டர் பக்கத்து ட்யூபைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு காக்கைத் திறங்க. நூல் அறாம ஒழுகணும். சொட்டுச் சொட்டா விழுந்தா கோளாறு காக்கு, வலை, ட்யூப் இதுல ஒண்ணுலதான். எஞ்சின் ஆறின பிறகு, திறந்த இடத்துல செய்யுங்க.

அங்க சரியா வந்தா, காக்கை மூடிட்டு கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டணும். அடியில நடுவுல இருக்கிற 10 எம்எம் போல்ட்டுதான். உள்ள நடுத் தூணுல மெயின் ஜெட், பித்தளை. வாய்க்குச் சரியாப் பொருந்துற தட்டை ஸ்க்ரூ டிரைவரே எடுக்கணும், பொருந்தாததைப் போட்டா வெட்டு மழுங்கிடும். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஓட்டை முழு வட்டமாத் தெரியணும். பழைய பெட்ரோல்ல ஓரத்துல பச்சையும் வெள்ளையுமாப் படிஞ்சு பாதி நிலா மாதிரி நிக்கும். கார்ப் கிளீனர் அடிச்சு, வயர்ல இருந்து ஒரு இழை செம்புக் கம்பி எடுத்து விட்டு எடுங்க. இரும்புக் கம்பியோ ஊசியோ வேண்டாம், ஓட்டை பெருசாயிடும். ஜெட்டுக்கு மேல இருக்கிற பக்க ஓட்டைகள் உள்ள குழாயும் இறங்கும், அந்த ஓட்டைகளையும் பாருங்க.

எல்லாரும் கவனிக்காம விடுறது பைலட் ஜெட், அதாவது ஸ்லோல ஓடப் பெட்ரோல் கொடுக்கிற ஜெட். மெயின் ஜெட்டை மட்டும் சுத்தம் பண்ணி மாட்டினா லோடுல ஓடும், ஸ்லோல நின்னுடும். ஹோண்டா ஜிஎக்ஸ்200 அச்சுல செஞ்ச எஞ்சின்கள்ல ஐடில் ஸ்க்ரூவைக் கழட்டினா அதுக்கு அடியில கறுப்பு பிளாஸ்டிக்ல இருக்கும். கழட்டும்போது எத்தனை சுத்துன்னு எண்ணிக்கிட்டு அதே அளவுக்குத் திருப்பி மாட்டுங்க. ஜெட்டை மெல்ல நெம்பினா வந்துடும். அதோட ஓட்டை மயிரிழை அளவுதான், ஸ்ப்ரே மறுபக்கம் பீச்சி வர்ற வரை அடிக்கணும். கிண்ணத்து ரப்பர் வளையத்துல கார்ப் கிளீனர் படக்கூடாது, ஊதிப் பெருத்து திரும்ப உட்காராது.

மாட்டும்போது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற கறுப்புக் கட்டையும் அதோட ரெண்டு பக்கப் பேக்கிங்கும் எடுத்த வரிசையிலேயே போகணும். ஒண்ணு கிழிஞ்சிருந்தாலும் அது வழியா காத்து ஏறி இதே கோளாறு தொடரும்.

ரப்பர்_குலசேகரம்

ஜெட்டை மட்டும் கழுவிட்டு பழைய பெட்ரோலையே ஊத்தினா இந்த வேலை சீக்கிரமே திரும்பி வரும். இப்போ பெட்ரோல் பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழையும் வாங்குற நம்ம ஊர்ல, பாதி காலியான டேங்குக்குள்ள ராத்திரிக் குளிர்ல ஈரம் கோர்த்துக்கிட்டே இருக்கும். ஒரு அளவு வரை தண்ணி பெட்ரோல்லயே கரைஞ்சு நிக்கும். அளவு மீறினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில இறங்கிடும். காக்கும் அடியிலதான் இருக்கு, அதனால எஞ்சினுக்கு முதல்ல போறதே அந்தத் தண்ணிதான்.

டேங்குல அடியில இருக்கிறதைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு கால் மணி நேரம் அசைக்காம வையுங்க. நடுவுல கோடு தெரிஞ்சா முழு டேங்கையும் காலி பண்ணணும். மேல நல்ல பெட்ரோல்தானேன்னு வச்சுக்காதீங்க, எத்தனால் இறங்கிப்போன பெட்ரோலுக்கு ஆக்டேனும் குறைவு. காக்குக்கு அடியில இருக்கிற சின்னக் கிண்ணத்தையும் கழட்டிக் கழுவுங்க, அதுல ஒரு வலையும் வளையமும் இருக்கும்.

வாழைவிளை_திருவட்டாறு

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாட்டில்ல கோடு தெளிவாத் தெரிஞ்சது. கார்புரேட்டர் கிண்ணத்தைச் சாய்ச்சா அடியில தண்ணி தனி உருண்டையா உருளுது. பைலட் ஜெட் முழு அடைப்பு. எல்லாம் கழுவி புது பெட்ரோல் ஊத்தினதுல சோக் இல்லாமலே ஸ்லோல நிக்குது, மண்ணுலயும் இழுக்குது.

இன்னொண்ணு மட்டும் இருக்கு. விளையில (தோட்டத்துல) சரிவுல கீழ்ப்பக்கமா இறங்கும்போது சட்டுனு ஆஃப் ஆகுது. சமதளத்துல அப்படி இல்ல. நின்ன உடனே இழுத்தா அங்க ஸ்டார்ட் ஆகல, மேட்டுக்குக் கொண்டுவந்தா ஒரே இழுப்பு.

எஞ்சின்_மார்த்தாண்டம்

இது பெட்ரோல் கோளாறு இல்ல. பெட்ரோல் பத்தாம நிக்கிற எஞ்சின் திக்கித் திணறி நிக்கும். சுவிட்ச் போட்ட மாதிரி பட்டுனு நின்னா கரண்ட் பக்கம் பார்க்கணும். உங்க எஞ்சின்ல ஆயில் சென்சார் இருந்தா, ஆயில் குறையும்போது அது இக்னிஷனை எர்த் பண்ணி நிறுத்திடும். சரிவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கினாலும் அதே கதைதான்.

எஞ்சினை மட்டமா வச்சு, டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) துடைச்சு, மரையைத் திருகாம சும்மா உள்ளே வச்சு எடுத்துப் பாருங்க. திருகிப் பார்த்தா அளவு கூடுதலாக் காட்டும். ஆயில் வாய் விளிம்பு வரை நிக்கணும், இந்த அச்சு எஞ்சினுக்கு மொத்தம் சுமார் 600 மில்லி. பாதி சோக்குல ஓடினதால ஆயிலை முகர்ந்தும் பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா மேல ஊத்தாம முழுசா மாத்திடுங்க.

ஆயில் சரியா இருந்தும் மிதமான சரிவுலயே நின்னா, சென்சாரோட மஞ்சள் வயர் கனெக்டரைப் பிரிச்சு கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்க. நிக்கலைன்னா சென்சார் போயிருக்கு, மாத்திடலாம். பிரிச்சபடியே விட்டு வேலை செய்யாதீங்க, ஒருநாள் ஆயில் இல்லாம ஓடினா பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போயிடும். 20 டிகிரிக்கு மேல சரிவுன்னா சென்சார் மேல தப்பே இல்ல, அங்க குறுக்கால ஓட்டுற மாதிரி வரிசையை மாத்திக்கோங்க.

தோவாளை_தோட்டம்

இதே தலைப்புல தேடி வர்றவங்களுக்காக: கால் மணி நேரம் நல்லா ஓடி, சூடானதும் நின்னு, ஆறின பிறகுதான் ஸ்டார்ட் ஆகும்னா ஜெட்டைக் கழட்ட வேண்டாம். நின்ன கையோட பிளக்கைக் கழட்டி, ஹெட்டுல தொட வச்சு இழுத்துப் பாருங்க. பிளக் ஓட்டைக்கு நேரா மட்டும் வைக்காதீங்க. ஸ்பார்க் இல்லைன்னா இக்னிஷன் காயில். காந்தத்துக்கும் காயிலுக்கும் இடைவெளி 0.4 எம்எம். ஸ்பார்க் இருந்தும் நின்னா வால்வு இடைவெளி பாருங்க, எஞ்சின் ஆறி இருக்கும்போது இன்லெட் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 எம்எம். உங்க கையேட்டுல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு.

அடுத்த மழைக்கு ஷெட்ல விடும்போது டேங்கை வடிச்சு, காக்கை மூடி, தானா நிக்கிற வரை ஓடவிட்டு, கிண்ணத்து வடிகால் போல்ட்டையும் ஒரு தடவை திறந்து மூடிடுங்க. ஓடி நின்ன பிறகும் கிண்ணத்துல ஒரு ஸ்பூன் அளவு தங்கும், பைலட் ஜெட்டை அடைக்க அதுவே போதும்.