சொன்னது நிக்கின் அம்மாவா, சித்தியா?

தேன்மொழி: சார்லி, நிக் என்ற இரண்டு பள்ளி மாணவர்களின் காதலைச் சொல்லும் ஆலிஸ் ஓஸ்மனின் காமிக்ஸ் ஹார்ட்ஸ்டாப்பர் பற்றி நேற்று இங்கே ஒருவர், "காதலன் கிடைத்ததும் பையனுக்கு நோய் போய்விடுகிறது, வெறும் பூச்சுற்றல்" என்று எழுதியிருந்தார். நான்காம் பாகத்தைத் திறந்தே பார்க்காதவர்தான் அப்படி எழுதுவார். சார்லிக்கு அனோரெக்ஸியா, சாப்பாட்டை ஒதுக்க வைக்கும் மனநோய். மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுக்கிறான். காதலன் நிக்கால் அவனைக் குணமாக்க முடியவில்லை. காதலால் மனநோய் தீராது என்று நிக்கின் அம்மாவே அவனிடம் சொல்கிறார்.

குமரன்77: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டுங்கள். அப்புறம், அதைச் சொன்னது அம்மா இல்லை, சித்தி. டயான். மனநல மருத்துவர்.

தேன்மொழி: அது இந்தக் காமிக்ஸை வைத்து எடுத்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில், 2024-ல் வந்த மூன்றாம் சீசன். காமிக்ஸில் அம்மாதான்.

குமரன்77: சித்திதான். கடற்கரைக் காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தேன்மொழி: தொடரைப் பார்த்துவிட்டுக் காமிக்ஸைக் குறை சொல்ல வந்தீர்களா? நான் 2016-லிருந்து, இது டம்ப்ளர் என்ற வலைத்தளத்தில் வந்தபோதே, பக்கம் பக்கமாகக் காத்திருந்து படித்தவள்.

பாலா: டயான் சித்தி என்று யார் சொன்னது? ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்றால் அத்தையாகவும் இருக்கலாம்.

குமரன்77: பாலா, போன மாதமும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள்.

பாலா: போன மாதம் தவறாகச் சொன்னது நீங்கள்.

நிலா: என் தங்கைக்கு இந்த நோய் இருந்தது. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள். கேட்டால் "சாப்பிட்டாச்சு" என்பாள். சார்லி எதற்கெடுத்தாலும் "சாரி" சொல்வதைப் படித்தபோது அவள் குரல்தான் கேட்டது.

குமரன்77: வருத்தமாக இருக்கிறது, நிலா. ஆனால் மருத்துவமனை நாட்களை நிக்கின் டைரிக் குறிப்பாகச் சுருக்கிவிட்டார்களே, அது சரியா?

தேன்மொழி: பக்கத்தில் இருக்க முடியாதவன் டைரிதான் எழுதுவான். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நான் இரவெல்லாம் தூங்கவில்லை. நீங்கள் பக்கத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, அம்மா சொன்னார் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

குமரன்77: சித்தி.

பாலா: அத்தை.

தேன்மொழி: நான்காம் பாகம் என் மடியில்தான் இருக்கிறது. அம்மா. அம்மா. அம்மா.

குமரன்77: உங்கள் மடியில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? படம் எடுத்துப் போடுங்கள்.