புதுப்பிப்பு: ஐஸ்லாந்துக்கு செப்டம்பரில், வழிகாட்டியோடு

ஐஸ்லாந்துக்கு எந்த மாதம் போகலாம், நாமே கார் ஓட்டுவதா, வழிகாட்டியோடு குழுவாகப் போவதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவாகிவிட்டது.

செப்டம்பரைத் தேர்ந்ததற்குக் காரணம் இரவு. ஜூன், ஜூலையில் சரியாக இருட்டவே இருட்டாது, இரவு வானில் வண்ணமாக மின்னும் துருவ ஒளியைப் பார்க்க வழியில்லை. செப்டம்பரில் இரவு திரும்பிவிடும்; கடற்கரையோரச் சாலையிலும் பெரும்பாலும் பனி இருக்காது.

வாத்னாயோகுல் பனியாற்றின் நீலப் பனிக்குகைகளை மட்டும் விட்டுவிட்டோம். அவற்றுக்கு ஏற்றது கடுங்குளிர்காலம்தான். 2024 ஆகஸ்டில் அதன் ஒரு கிளையில் பனி இடிந்து விழுந்து ஒரு பயணி இறந்தார். அதைப் படித்த பிறகு அதில் சமரசம் செய்ய மனம் வரவில்லை. பதிலாக சோல்ஹேமாயோகுல் என்ற இன்னொரு பனியாற்றின் மேல் நடக்கிறோம். காலணிக்கு அடியில் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு, பழைய எரிமலைச் சாம்பல் கறுப்புக் கோடுகளாகப் படிந்த பனியில் நடை. வழிகாட்டி இல்லாமல் அங்கே ஏறவே கூடாது. பிளவுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

ப்ளூ லகூன் வெந்நீர்க் குளத்தைக் கடைசி நாளுக்கு வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரிலிருந்து பக்கத்திலேயே பலமுறை எரிமலை வெடித்து, அவ்வப்போது அதை மூடித் திறந்திருக்கிறார்கள். அதனால் அன்று மூடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்த ஏற்பாட்டாளரையே பிடித்தோம்.

அடுத்தது ஷெங்கன் விசா, அதாவது ஐஸ்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் எழுதுகிறேன்.