படகு டெண்டர்: முதல் கவரிலேயே தள்ளிவிட்டார்கள், மேல்முறையீடு செய்யலாமா?

கொண்டலாம்பட்டி பட்டறை

வணக்கம். சேலத்தில் பதினான்கு வருடமாக ஃபைபர் பட்டறை நடத்துகிறேன். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கடை வாசல் பொம்மை என்று எல்லாம் செய்திருக்கிறோம். ஆறு வருடமாகப் படகும் உண்டு. பெடல் படகில் ஆரம்பித்து, இப்போது இருபது அடி வரைக்கும் மோல்டு இருக்கிறது. முதல் படகை மூக்கனேரியில் இறக்கிய அன்று பாதிக் கன்னங்குறிச்சி கரையில் வந்து நின்றது, முழுகுமா மிதக்குமா என்று பார்க்க. மிதந்தது.

மாநில அரசுத் துறை ஒன்று (பெயர் வேண்டாம்) அணையில் ரோந்து போக நான்கு படகு கேட்டு டெண்டர் விட்டது. 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு. இரண்டு கவர் முறை: முதல் கவரில் தகுதி ஆவணங்கள், அதில் தேறினால்தான் விலைக் கவரைத் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது: "ஐ.ஆர்.எஸ். சான்று இணைக்கப்படவில்லை. தொழில்நுட்பத் தகுதி இல்லை." ஐ.ஆர்.எஸ். என்றால் கப்பல், படகுகளைச் சோதித்துச் சான்று தருகிற இந்தியக் கப்பல் பதிவகம். என் விலைக் கவரைத் திறக்கவே இல்லை.

டெண்டர் ஆவணத்தின் 31-ம் பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? "படகுகளை ஒப்படைக்கும்போது ஐ.ஆர்.எஸ். சான்று அளிக்க வேண்டும்." ஒப்படைக்கும்போது! வரைபடத்தைப் பார்த்து, கட்டும்போது வந்து பார்த்து, அதற்கப்புறம் கொடுக்கிற சான்று அது. இன்னும் ரெசினே ஊற்றாத படகுக்கு நான் எங்கே போய் வாங்குவது?

வயிற்றெரிச்சல் இன்னொன்று. போட்டிக்கு வந்தவர் ஒரு வருடத் தணிக்கைக் கணக்கை வைக்க மறந்திருக்கிறார். அவருக்குக் கடிதம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். மதிப்பீட்டுக் குறிப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. எனக்கு மட்டும் ஒரு போன்கூட இல்லை. என்ன செய்யலாம்? மோல்டைச் சரிசெய்ய மட்டும் இரண்டரை லட்சம் போட்டுவிட்டேன்.

ஓமலூர் ரோடு

அண்ணா, விட்டுவிடுங்கள். நானும் சிவில் வேலையில் ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். அப்புறம் இரண்டு வருடம் எந்த பில்லும் நேரத்துக்குப் பாஸாகவில்லை. யாருக்கு என்று முடிவு செய்துவிட்டுத்தான் டெண்டரே போடுகிறார்கள்.

நாகலூர் தாத்தா

ஓமலூர் தம்பி சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கிழக்குக் கடற்கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தின் வணிகப் பிரிவில் 27 வருடம் குப்பை கொட்டினேன். இப்போது ஏற்காட்டில் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, நிறைய மூடுபனி. டெண்டர் போட்டு தோற்ற பக்கமும் இருந்திருக்கிறேன், டெண்டரை மதிப்பிட்ட பக்கமும் இருந்திருக்கிறேன். தோற்றவன் எப்போதும் "என் படகுதான் நல்ல படகு" என்றுதான் ஆரம்பிப்பான். அதைக் குழு கேட்காது, கோர்ட்டும் கேட்காது. ஆவணத்தில் எழுதியது ஒன்று, மதிப்பிட்டது வேறு என்று காட்டினால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

நீர்மூழ்கி விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடற்படைக்கு ஆறு நீர்மூழ்கி, பி-75ஐ என்று திட்டத்தின் பெயர். மும்பைக் கப்பல் தளமான மசகான் டாக் ஜெர்மனியின் டி.கே.எம்.எஸ்ஸோடு ஒரு பக்கம், எல் அண்ட் டி ஸ்பெயினின் நவாந்தியாவோடு இன்னொரு பக்கம். மேலே வந்து காற்று வாங்காமல் ஓட வைக்கிற ஏ.ஐ.பி. அமைப்பு கடலில் ஓடி நிரூபணமானதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்பெயின்காரர்கள் கரையில் ஓட்டிக் காட்டினார்கள். 2025 ஜனவரியில் எல் அண்ட் டியின் டெண்டர் தள்ளப்பட்டது. நம் காட்டுப்பள்ளியில் இருக்கிற எல் அண்ட் டி தளத்துக்கு வேலை வந்திருக்குமே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் முன்கூட்டியே எழுதிய நிபந்தனை அது. உங்கள் விஷயம் நேர் எதிர். எழுதியது ஒப்படைக்கும்போது, கேட்டது டெண்டர் போடும்போது.

நிபந்தனையைத் தளர்த்தினாலும் ஆபத்துதான். ஸ்காட்லாந்தில் இரண்டு ஃபெர்ரி, 97 மில்லியன் பவுண்டு. 2015 ஆகஸ்டில் ஃபெர்குசன் என்ற கப்பல் கட்டும் தளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கப்பல் வராவிட்டால் கட்டிய பணம் முழுக்கத் திரும்பும் என்று உத்தரவாதம் தர வேண்டும் என்பது டெண்டரில் கட்டாயம். தேர்வான பிறகு அந்தத் தளம் முழு உத்தரவாதம் தர முடியாது என்றது. சரி என்று அதே அக்டோபரில் கையெழுத்துப் போட்டார்கள். 2019-ல் தளம் நொடித்து அரசே எடுத்துக்கொண்டது. முதல் கப்பல் கிளென் சேனக்ஸ் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். உத்தரவாதம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு யாரெல்லாம் வந்திருப்பார்களோ.

ஒரு கேள்வி. நிபந்தனைவாரியாக ஒப்புதல் அட்டவணை ஒன்று கொடுத்திருப்பீர்களே, அதில் ஐ.ஆர்.எஸ். வரிசைக்கு எதிரே என்ன எழுதினீர்கள்?

அஸ்தம்பட்டி கறுப்பு கோட்

தாத்தாவின் கேள்விக்குப் பதில் வரட்டும். அதற்குள் தேதியைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. பிரிவு 11. உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு. முதல் கவரில் தள்ளியது அந்த "உத்தரவு" ஆகுமா, இறுதி முடிவு வந்த பிறகுதானா என்று வாதம் வரலாம். காத்திருந்து சோதிக்காதீர்கள், செவ்வாயிலிருந்தே எண்ணுங்கள். அமெரிக்காவில் நேரத்துக்குள் புகார் போனால் வேலை தானாக நிற்கும். இங்கே நிற்காது. இடைக்காலத் தடை கேட்டுத் தனியாக எழுத வேண்டும்.

ஏன் அவசரம் என்றால், 1979-ல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கு. பம்பாய் விமான நிலைய உணவக டெண்டர். டெண்டர் விடும் அரசு அமைப்பு தான் வகுத்த தகுதியைத் தானே மீறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றும் எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் வழக்குப் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தார், அதற்குள் எடுத்தவர் பணம் போட்டுவிட்டார் என்பது முக்கியக் காரணம்.

கோர்ட் விலையையோ தரத்தையோ மறுபடி மதிப்பிடாது, முடிவெடுத்த விதத்தைத்தான் பார்க்கும். அது 1994 டாடா செல்லுலார் தீர்ப்பு. போட்டியாளரின் தணிக்கைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். முக்கிய நிபந்தனை வேறு, துணை நிபந்தனை வேறு. துணையைத் தளர்த்தலாம் என்று 1991-ல் போதார் ஸ்டீல் வழக்கு இருக்கிறது. அங்கே ஸ்டேட் வங்கிக்குப் பதில் யூனியன் வங்கிக் காசோலை வந்தும் ஏற்றது செல்லும் என்றார்கள். 31-ம் பக்கம்தான் உங்கள் தலை வாதம், கணக்கு விஷயம் அதற்கு வால்.

கொண்டலாம்பட்டி பட்டறை

தாத்தா, கையைக் கொடுங்கள், இல்லை தலையில் குட்டுங்கள். அட்டவணையை இப்போதுதான் திறந்து பார்த்தேன். முதல் வரிசையில் "இணைக்கப்பட்டுள்ளது" என்று அடித்து, எக்செல்லில் மூலையைப் பிடித்துக் கீழ்வரை இழுத்திருக்கிறேன். ஐ.ஆர்.எஸ். வரிசையிலும் "இணைக்கப்பட்டுள்ளது". வண்ணம் பூசும் வரிசையிலும் அதேதான். படகின் வண்ணத்தை எப்படி இணைப்பது!

நாகலூர் தாத்தா

நினைத்தேன். என் காலத்தில் கார்பன் பேப்பரில் இதையே செய்வார்கள். குழுவில் நான் இருந்திருந்தால் "இணைத்ததாகச் சொல்லி இணைக்கவில்லை" என்றுதான் எழுதியிருப்பேன். ஆனால் அவர்கள் அப்படி எழுதவில்லை பாருங்கள். "இணைக்கப்படவில்லை" என்று மட்டும் எழுதி, கேட்காத நேரத்தில் கேட்டதாக ஆக்கிவிட்டார்கள்.

அஸ்தம்பட்டி கறுப்பு கோட்

அந்தத் தவறை மனுவில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் வாயிலிருந்து வந்தால் கதை மாறிவிடும். "எழுத்துப் பிழை, ஆவணப்படி அந்தக் கட்டத்தில் சான்றே தேவையில்லை" என்று இரண்டு வரி போதும்.

கொண்டலாம்பட்டி பட்டறை

சரிங்க. சனிக்கிழமை ஃபைலோடு மலைக்கு வருகிறேன் தாத்தா. இருபது வளைவும் ஏறி வருகிறவனுக்கு உங்கள் தோட்டத்துக் காபி உண்டுதானே? திங்கள்கிழமை நேரில் கொடுத்து முத்திரை வாங்குகிறேன். அன்று ஏழாம் நாள்.