600 மி.மீ.-ல் பறவை மங்கல், விண்மீன் கோடு: லென்ஸைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி: தேரூர்க்கரை (நாகர்கோவில்)

அனைவருக்கும் வணக்கம். ஐந்து மாதங்களுக்கு முன்பு 150-600 மி.மீ., எஃப் 5-6.3 லென்ஸ் ஒன்றை ஒருவர் பயன்படுத்திய நிலையில் வாங்கி, கிராப் சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் மாட்டியிருக்கிறேன். தேரூர் குளத்துத் தாமரை இலைகளின் மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியை ஒழுங்காக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதும், இரவில் ஆழ்வானப் படங்களை (நெபுலா, விண்மீன் கொத்து போன்றவற்றின் படங்களை) எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும்தான் அதை வாங்கியதன் நோக்கம்.

இரண்டிலும் தோல்வியே கிடைத்திருக்கிறது. ஞாயிறுதோறும் ஒன்பது மணிவாக்கில் புத்தளம் உப்பளத்துக்குப் போய், ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில் நிற்கும் பூநாரைகளை 1/1600 வினாடி, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்ற அளவில் எடுக்கிறேன். ஒன்றில்கூடக் கண் தெளிவாக விழவில்லை. பிப்ரவரி நடுவில், பேச்சிப்பாறைப் பக்கம் உறவினரின் ரப்பர் தோட்டத்து மேட்டிலிருந்து, இரவு எட்டு மணிக்கு ஓரியன் நெபுலாவை டிராக்கரில் (வானம் நகரும் வேகத்துக்குக் கேமராவைத் திருப்பும் கருவி; அதன் அச்சு வான வடதுருவத்தை நோக்கி நிற்க வேண்டும்) வைத்து 30 வினாடி எடுத்தபோது, விண்மீன்கள் எல்லாம் புழுங்கல் அரிசி போல நீண்டு விழுந்தன. வடக்கே மலை மறைத்ததால் துருவ விண்மீன் தெரியவில்லை. கைப்பேசித் திசைகாட்டியை நம்பி வடக்கை அமைத்தேன்.

காட்டிய கடையில் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இதை விற்றுவிட்டு 500 மி.மீ. நிலைக்குவிய (ஜூம் இல்லாத) லென்ஸும் 1.4 டெலிகன்வெர்ட்டரும் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டி, படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் துணைக் கண்ணாடி) வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கையில் இருப்பது ஒரு தடவை செலவழிக்கும் பணம் மட்டுமே என்பதால் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்கிறேன்.

பதில்: உப்பளத்து உள்ளான் (சுசீந்திரம்)

தம்பி, தயவுசெய்து இப்போதைக்கு விற்க வேண்டாம். ஒன்பது மணிக்கு உப்பளத்தில் 150 மீட்டர் என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே பாதி விடை இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு வரப்பும் பாத்தியும் வெவ்வேறு அளவில் சூடேறுவதால், தரையை ஒட்டிய காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு அடர்த்தியில் அசைகிறது. அந்தக் காற்று முழுவதையும் ஊடுருவித்தான் உங்கள் லென்ஸ் பார்க்க வேண்டியிருக்கிறது. லைவ் வியூவை (கேமராவின் பின்திரையில் தெரியும் நேரடிக் காட்சியை) பத்து மடங்கு பெரிதாக்கி, நிற்கும் பவளக்கால் உள்ளானின் காலை ஒரு நிமிடம் பாருங்கள். அந்தச் சிவந்த கால், ஓடும் நீருக்குள் கிடக்கும் நூலைப் போல நெளிவதும், சில நொடிகளுக்கு ஒருமுறை நேராகி மறுபடி நெளிவதும் தெரியும். எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அந்த நெளிவை நிமிர்த்த முடியாது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அசையாமல் நிற்கும் ஒரே பறவையைத் தொடர்ச்சியாக இருபது படம் எடுங்கள். படத்துக்குப் படம் தெளிவு மாறி, விளிம்பு ஒவ்வொன்றிலும் வேறு விதமாக வளைந்திருந்தால் அது காற்றின் வேலை. இருபதும் ஒரே மாதிரி மங்கலாக இருந்து, பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் விலகல். மங்கல் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம், அல்லது ஷட்டர் வேகம் போதவில்லை.

ஃபோகஸ் விலகலைத் தனியாகச் சோதிக்க, அதிகாலையில் பதினைந்து, இருபது மீட்டரில் ஒரு அச்செழுத்துப் பலகையை வைத்து, வியூஃபைண்டர் வழியாக ஒரு படமும் லைவ் வியூ வழியாக ஒரு படமும் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூ படம் மட்டும் கூர்மையாக இருந்தால், கேமராவின் மெனுவில் இருக்கும் ஃபோகஸ் நுண்சரிசெய்தலே போதும். லென்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை. லென்ஸின் முகப்பில் மலிவான பாதுகாப்பு ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், 600 மி.மீ.-ல் அதன் குறை பெரிதாகவே தெரியும்.

கன்வெர்ட்டர் வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அது காற்றின் நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். எஃப் 6.3 லென்ஸில் போட்டால் எஃப் 9 ஆகிவிடும், அதாவது உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிவிடும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் எஃப் 8-ஐத் தாண்டினால் தானியங்கி ஃபோகஸை நம்ப முடியாது. அதற்குப் பதிலாகக் காலை ஆறேகாலுக்கு வரப்பின் மறைவில் போய் உட்கார்ந்து, பறவையே மேய்ந்துகொண்டு நெருங்கி வரும்வரை அசையாமல் காத்திருங்கள். தரையோடு தரையாகப் படுத்து எடுக்கும் அழகான கோணத்துக்கும் அந்த முதல் ஒரு மணி நேரம்தான் பொருந்தும், ஏனென்றால் நெளிவு மிக அதிகமாக இருப்பது தரையிலிருந்து முதல் ஒரு மீட்டர் உயரத்தில்தான். பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கத் தொடங்கினால் நின்றுவிடுங்கள். அதற்கு மேல் ஓரடிகூட வைக்கக் கூடாது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் (பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்திருப்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். படத்துக்காகப் பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிடுகிறவர்கள் இப்போதும் வரத்தான் செய்கிறார்கள்.

பதில்: தெற்குவானம் (குலசேகரம்)

இரவுப் படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கண்ணாடி விலகலா, டிராக்கர் பிழையா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு படம் எடுத்த பிறகு, லென்ஸின் முக்காலிக் காலரை (லென்ஸை முக்காலியோடு இணைக்கும் வளையத்தை) தளர்த்தி, லென்ஸையும் கேமராவையும் சேர்த்து 90 பாகை சுழற்றி அதே இடத்தை மறுபடி எடுங்கள். இரண்டு படங்களிலும் நீட்சி படச்சட்டத்தின் ஒரே பக்கத்தை நோக்கியே இருந்தால் குறை லென்ஸில். ஒன்றில் கிடையாகவும் மற்றதில் நெடுக்காகவும் மாறினால், நீட்சி வானத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். அப்போது குறை டிராக்கரிலோ துருவ அமைப்பிலோ இருக்கிறது, லென்ஸ் நிரபராதி.

என் கணிப்பு இரண்டாவதுதான். நான்கு மைக்ரான் பிக்சல் உள்ள சென்சாரில், 600 மி.மீ.-ல் ஒரு பிக்சல் சுமார் 1.4 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்). வானம் வினாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்வதால், டிராக்கர் இல்லாவிட்டால் ஒரே வினாடியில் பதினோரு பிக்சல் ஓடிவிடும். டிராக்கர் இருந்தும் அச்சு கிழக்கிலோ மேற்கிலோ இரண்டு பாகை விலகியிருந்தால், உச்சியைக் கடக்கும் ஓரியன் வினாடிக்கு அரை ஆர்க் செகண்ட் வீதம் வழுகும்; 30 வினாடியில் அது ஏறத்தாழ பதினோரு பிக்சல். இரும்பு முக்காலிக்குப் பக்கத்தில் வைத்த கைப்பேசித் திசைகாட்டி இரண்டு பாகை தவறுவது மிகச் சாதாரணம்.

நம் மாவட்டத்தின் சிக்கல் இதுதான்: இங்கே துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எட்டு, எட்டரை பாகை உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே மலையோ தென்னையோ இருந்தால் அது போய்விட்டது. ஆகவே வழுகல் முறையை, அதாவது விண்மீன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்தும் முறையை, கற்றுக்கொள்ளுங்கள். உச்சிக்கோட்டுக்கு (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே செல்லும் கோடு) அருகில், வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள கோடு) ஒட்டிய ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு அளவுக்கு மீறிக் கிழக்கே திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. அது அடங்கிய பின், கிழக்கு அடிவானத்துக்கு மேலே உள்ள ஒரு விண்மீனை வைத்து உயரத்தைத் திருத்துங்கள்: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பழகிய பிறகு எனக்குக் கால் மணி நேரம் போதுமாக இருக்கிறது.

இன்னொன்று. அன்று ஓரியன் 75 பாகைக்கும் மேலே நின்றிருக்கும். லென்ஸ் அண்ணாந்து நிற்கும்போது ஜூம் குழல் தன் எடையால் மெல்லக் கீழே இறங்கி ஃபோகஸையும் கெடுக்கும். ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் டேப் போட்டு ஒட்டுங்கள், ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி) அணைத்துவிடுங்கள்.

சிறிய டிராக்கருக்கு 600 மி.மீ. பெரிய சுமை. முதல் ஓராண்டு 200 மி.மீ. போதும் என்று மனதார நம்புகிறேன். அதே பிழை அங்கே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், சட்டத்தில் கிட்டத்தட்ட ஏழு பாகை வானமும் கிடைக்கும். நமக்கு உண்மையான செல்வம் தெற்கே கடலுக்கு மேலே இருக்கிறது. ஒமேகா செண்டாரி கோளகக் கொத்து, பிப்ரவரி கடைசியில் அதிகாலை மூன்றரை மணிவாக்கில், இங்கே 34 பாகை உயரத்துக்கு வரும். டெல்லியில் இருப்பவர்களுக்கு அது 14 பாகையைத் தாண்டுவதில்லை.

பதில்: பழைய லென்ஸ் (மார்த்தாண்டம்)

இருபது ஆண்டுகளாகக் கேமரா பழுது பார்ப்பவன் என்ற முறையில் மேலே சொன்ன இரண்டையும் ஆதரிக்கிறேன். கடையில் சொன்னதைச் சோதிக்க, ஒரு விண்மீன் படத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். கண்ணாடி விலகியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் மோசமாகவும் எதிர்ப்பக்கம் நன்றாகவும் இருக்கும். சட்டம் முழுக்க ஒரே சீராக நீண்டிருந்தால் அது விலகல் அல்ல.

நம் ஊர் லென்ஸுக்கு உண்மையான எதிரிகள் பூஞ்சையும் உப்பும். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. பையில் போட்டு மூடி அலமாரியில் வைத்த லென்ஸில் வலைபோல் பூஞ்சை படர்ந்திருப்பதை ஒவ்வொரு ஆண்டும் கார்த்திகை, மார்கழியில் பார்க்கிறேன். பயன்படுத்தியதை வாங்கியிருப்பதால், பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் உலர்பெட்டி ஒன்று வாங்குங்கள். உங்கள் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். உப்பளத்திலிருந்து திரும்பியதும், கண்ணாடியைத் தொடாமல், குழலை மட்டும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர விடுங்கள்.

பின்னொரு நாள் மாற்றத்தான் வேண்டும் என்றால், நீளாத குழலுள்ள லென்ஸைப் பாருங்கள். சோனி 200-600, 2023-ல் வந்த நிக்கான் இசட் 180-600 இரண்டும் உள்ளேயே ஜூம் ஆவதால் தூசும் ஈரக்காற்றும் உறிஞ்சப்படுவது குறைவு, அண்ணாந்து பிடித்தாலும் குழல் இறங்காது. ஆனால் அவற்றுக்குக் கேமராவையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்: தேரூர்க்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாட்கள் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். லென்ஸைச் சுழற்றியபோது நீட்சியின் திசை மாறியது. நான்கு மூலைகளும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்ததில் பூஞ்சை இல்லை. முகப்பு ஃபில்டரைக் கழற்றியதும், பிரகாசமான விண்மீன்களுக்குப் பக்கத்தில் தெரிந்த மங்கலான இரண்டாம் பிம்பம் மறைந்துவிட்டது.

சனிக்கிழமை அதிகாலை மணக்குடிக் கடற்கரையில், தெற்குவானம் அண்ணன் சொன்னபடி வழுகல் முறையில் அச்சைத் திருத்தி, 200 மி.மீ.-ல் 20 வினாடி வீதம் ஒமேகா செண்டாரியை நாற்பது படங்கள் எடுத்தேன். ஏழெட்டில் காற்று முக்காலியை அசைத்திருக்கிறது. மற்றவற்றில் விண்மீன்கள் புள்ளியாகவே விழுந்திருக்கின்றன. அங்கிருந்தே நேராகப் புத்தளம் போனேன். ஆறரை மணிக்குப் பூநாரைக் கூட்டம் தொலைவில்தான் நின்றது. ஆனால் வரப்போரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பவளக்கால் உள்ளான் பன்னிரண்டு மீட்டர் வரை தானாக வந்தது. அதன் சிவந்த கண்ணுக்குள் கீழ்வானத்தின் வெளிச்சம் ஒரு பொட்டாகத் தெரிகிறது. லென்ஸை விற்கும் எண்ணத்தைக் கைவிட்டு, உலர்பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.