சௌ சுவோரென்: துரோகி எழுதிய கட்டுரைகளைப் படிக்கலாமா?

கயல்விழி:
நவீன சீன எழுத்தாளர் லூ சுன்னைக் கொண்டாடும் நாம் அவருடைய தம்பி சௌ சுவோரெனை மறந்துவிட்டோம். 1917 முதல் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1918இல் அவர் எழுதிய ‘மனித இலக்கியம்’ சீனப் புது இலக்கியத்துக்கே திசை காட்டியது. தேநீர், மழை, சொந்த ஊரான ஷாவோசிங்கின் படகு என்று எதை எழுதினாலும் குரலை உயர்த்தாதவர். ‘ஜப்பானியரின் கைக்கூலி’ என்று முத்திரை குத்தி அவரை ஒதுக்குவது அநியாயம்.

செந்தூரன்:
எது அநியாயம்? 1937இல் ஜப்பானியர் பீக்கிங் நகரைப் பிடித்ததும் பல்கலைக்கழகம் தெற்கே பெயர்ந்தது. சக ஆசிரியர்கள் தென்மேற்குச் சீனாவின் குன்மிங் வரை போய்ப் பாடம் நடத்தினார்கள். இவர் நகரவில்லை. நண்பரும் அறிஞருமான ஹூ ஷி லண்டனிலிருந்து கவிதை எழுதி அழைத்தும் வரவில்லை. 1941இல் ஆக்கிரமிப்பாளர் அமைத்த பொம்மை அரசில் கல்வித்துறைத் தலைவரானார்!

கயல்விழி:
பல்கலைக்கழகச் சொத்துகளைப் பார்த்துக்கொள்ள நிர்வாகமே தங்கச் சொன்ன நான்கு பேராசிரியர்களில் இவரும் ஒருவர். 1939 புத்தாண்டு அன்று இவரை வீடு தேடி வந்து சுட்டார்கள். குண்டு கம்பளிச் சட்டைப் பொத்தானில் பட்டதால் உயிர் தப்பினார். பதவிகளை ஏற்றது அதன் பிறகுதான். 1927இல் கம்யூனிஸ்ட் தலைவர் லி தாசாவ் தூக்கிலிடப்பட்டபோது அவருடைய மகனுக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்தவரும் இவரே. கோழை செய்கிற காரியமா அது?

செந்தூரன்:
அவ்வளவு துணிச்சல் உள்ளவர் என்பதால்தான் எனக்குக் கோபமே. உயிர்ப்பயம் வந்தால் வீட்டுக்குள் முடங்கலாம். எதிரி கொடுத்த நாற்காலியில் ஏன் உட்கார வேண்டும்?

அருள்மொழி:
இருவருமே 1945ஐத் தாண்டிப் பேசவில்லை. ஜப்பான் தோற்ற அவ்வாண்டு துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். மறு ஆண்டு 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள்; பிறகு அது 10 ஆண்டானது. 1949 ஜனவரியில் வெளியே வந்தவர், முதுமையில் யூரிப்பிடீஸின் நாடகங்களையும் லூசியனின் உரையாடல்களையும் பண்டைக் கிரேக்கத்திலிருந்தும், பழம்புராண நூலான ‘கொஜிகி’யை ஜப்பானியத்திலிருந்தும் சீனத்துக்குக் கொண்டுவந்தார். மாவோவின் கலாசாரப் புரட்சியில் செங்காவலர்கள் என்ற இளைஞர் படையிடம் அடிபட்டு 1967இல் இறந்தார். இன்னும் எவ்வளவு தண்டனை வேண்டும், செந்தூரன்?

செந்தூரன்:
தண்டனை நான் கேட்கவில்லை. அவருடைய நூல்கள் தாராளமாக அச்சாகட்டும். முன்னுரையில் 1941ஐ மறைக்காதீர்கள். தன் நினைவுக் குறிப்புகளில் அந்தப் பதவிக்காலத்தை அவரே விளக்காமல் கடந்துவிட்டார். பதிப்பாளர்களும் கடந்துபோகக் கூடாது.

கயல்விழி:
முன்னுரையில் இருக்கட்டும், சம்மதம். அந்த மௌனம் எனக்கும் உறுத்தலே. ஆனால் 1941ஐச் சொல்கிற அதே முன்னுரை லி தாசாவின் மகனையும் சொல்ல வேண்டும்.