மண்டபமா, உச்சிப்புளியா? வீடு மாறும் முன் ஆலோசனை வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தை பிறந்ததும் வயதான அம்மாவுடன் ராமநாதபுரத்திலிருந்து குடிபெயர இருக்கும் நாங்கள், வாடகை ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டு வீடுகளில் எதை எடுப்பது என்று தயங்குகிறோம்.

மண்டபத்து வீடு கடலை ஒட்டியது. காற்றோட்டத்திற்குக் குறைவில்லை, ரயில் நிலையத்திற்கும் நடந்தே போகலாம். ஆனால் சன்ஷேடின் அடியில் காரை பெயர்ந்து, துருவேறிப் பருத்த கம்பி வெளியே தெரிகிறது. ஜன்னல் கொக்கியோ தொட்டாலே பொடியாக உதிர்கிறது. உப்பு ஏறித் துருப்பிடித்த கம்பி பருப்பதால்தான் கான்கிரீட் வெடிக்கிறது என்பதால், வீட்டுக்காரர் சொல்வதுபோல் மேலே பூசி வெள்ளையடித்தால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. போர் தண்ணீரும் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் தண்ணீரைக் குடம் குடமாக விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

உச்சிப்புளி வீடு உள்ளே தள்ளி, தென்னந்தோப்பின் ஓரத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இப்போது நன்றாக இருந்தாலும், சித்திரை வெயிலில் அது உவர்க்காமல் நிற்குமா, ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் தேங்குமா என்று தெரியவில்லை. (அம்மாவின் விருப்பம் மண்டபம்தான், மீன் வாங்கச் சௌகரியமாம்.)

இவ்வூர்களில் குடியிருப்போரும், கம்பி தெரிந்த கட்டடத்தைச் செப்பனிட்ட அனுபவம் உள்ளோரும், நாங்கள் முன்பணம் கொடுப்பதற்குள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.