பேரிடர் தாங்கும் மின்கட்டமைப்பு: அரசுப் பணிக்குள் எந்த வழியாக நுழைவது?

கேள்வி (பேராவூரணிப் பெண்):
2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரங்கள் ஆயின; அதுவரை மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதற்கு, வேனில் வந்த வாடகை ஜெனரேட்டருக்காக வீட்டுக்கு வீடு முறைவைத்துக் காத்திருந்தோம். இப்போது மின்னியல் பொறியியல் முடித்திருக்கிறேன். பேரிடர் மேலாண்மையும் மின்துறைக் கொள்கையும் சந்திக்கும் இடத்தில் பணியாற்ற விரும்புகிறேன். குரூப் 1 எழுதுவதா, மின்வாரியத்தில் சேர்வதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற செயற்பொறியாளர்):
அம்மா, உதவிப் பொறியாளராகத் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. தானே புயல், கஜா புயல் இரண்டிலும் களத்தில் நின்றவன் நான். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பம் வந்து சேர்ந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. நீர் தேங்கிய வயலில் லாரி இறங்காது என்பதால் ஆட்கள் அதைத் தோளில் சுமந்து போனார்கள். எங்கோ ஒரு வீட்டில் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால், எல்.சி. (வேலைக்காக மின்சாரத்தை நிறுத்தும் அனுமதி) வாங்கிய லைனிலும் மின்சாரம் திரும்பி வந்துவிடும். ஆகவே எர்த் போடாமல், அதாவது கம்பியை நிலத்தோடு இணைக்காமல், எவரையும் கம்பத்தில் ஏறவிடமாட்டேன். மருத்துவமனை, குடிநீர் மோட்டார், செல்போன் கோபுரம் ஆகியவற்றுள் எதன் பீடரை (மின்வழித்தடத்தை) முதலில் உயிர்ப்பிப்பது என்று நள்ளிரவில் முடிவெடுத்துப் பழகியவருக்கே கொள்கை எழுதும் கை வரும்.

பதில் 2 (வருவாய்த்துறை ஊழியர்):
ஐயாவிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். எல்லாத் துறைகளையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. குரூப் 1 வழியாகத் துணை ஆட்சியரானால் அந்த மேசையை நெருங்கலாம். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் உங்களை நில எடுப்புக்கோ தேர்தல் பணிக்கோ மாற்றிவிடக்கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பதில் 3 (மின்கட்டண மனுக்களில் பணிபுரிபவர்):
இருவரும் பணத்தைத் தொடவில்லை. புதைவடம் (மண்ணுக்கடியில் செல்லும் மின்கம்பி) பதிக்க மேல்நிலைக் கம்பிக்கு ஆவதைப்போலப் பல மடங்கு செலவாகும். கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியில் உலக வங்கி உதவியுடன் நடந்த கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தில் அந்தப் பணி சேர்க்கப்பட்டது. மற்ற ஊர்களில் அச்செலவைக் கட்டணத்தில் ஏற்றலாமா என்பதை, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையமே தீர்மானிக்க வேண்டும். கொள்கை என்று நீங்கள் தேடுவது பெரும்பாலும் ஆணையத்தின் கட்டண உத்தரவுகளுக்குள் கிடக்கிறது. சலிப்பூட்டும் வாசிப்புதான், ஆயினும் இன்றே தொடங்கலாம். 30 வயதுக்குள் யு.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வையும் எழுதிப் பாருங்கள். அதில் தேறி மத்திய மின்பொறியியல் பணிக்குத் தேர்வானால் மத்திய மின்சார ஆணையத்தில் சேரலாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கும் பொறியியல் பணித் தேர்வுக்கும் பாடப்பகுதி பெரும்பாலும் ஒன்றே என்பதால் இரண்டையும் எழுதுகிறேன். குரூப் 1 இப்போதைக்கு வேண்டாம். செயற்பொறியாளர் ஐயா, நீங்கள் ஜெனரேட்டரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் திடுக்கிட்டேன். அந்த மூன்று வாரங்களில் எங்கள் தெருவில் எவரும் மெயினை அணைத்ததாக எனக்கு நினைவில்லை.